மாம்பழம் எந்த ஆமைக்கு?

ஒரு வீடியோவைப் பார்த்ததுலேர்ந்து மனசே ஆறலைங்க.

உள்ளங்கை அளவு சல்காட்டா ஆமைக்குட்டி. அது முன்னாடி ஒரு கிண்ணம் நிறைய வாழைப்பழம், மாம்பழம், அன்னாசி. குட்டி மூக்கு வரைக்கும் அப்பிக்கிட்டுத் தின்னுது. பார்க்கறவங்க எல்லாம் "அய்யோ செல்லம்"னு உருகுறாங்க. ஒருத்தர் "எங்க வீட்டுலயும் தினம் இதுதான்"னு பெருமையா எழுதியிருக்காங்க.

செல்லந்தான், சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் குட்டியோட வயித்துக்குள்ள அடுத்து என்ன நடக்கும்னு தெரிஞ்சவங்களால அதை ரசிக்க முடியாது.

இத்தனைக்கும் நான் பழத்துக்கு எதிரி கிடையாது. எங்க வீட்டுல ரெண்டு ஆமை இருக்கு. ரெண்டும் சீசன்ல மாம்பழம் தின்னும், பப்பாளி தின்னும், அத்திப்பழம்னா அப்படியே முழுங்கும். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்னுட்டு செக்கச்செவேல்னு வாயோட தோட்டத்தைச் சுத்தும். நான்தான் குடுக்கறேன். சந்தோஷமாத்தான் குடுக்கறேன்.

அப்புறம் எதுக்கு இவ்வளவு கோவம்னு கேக்கறீங்களா? ஆமைன்னா எல்லாம் ஒரே ஆமை இல்லைங்க. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன். (கொஞ்சம் நீளமாப் போகும். காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.)

மொதல்ல எங்க வீட்டு ஆளுங்க. ஒருத்தி குண்டுமணி. ஒருத்தன் செவலை. ரெண்டும் செங்கால் ஆமை, இங்கிலீஷ்ல ரெட்ஃபுட்னு சொல்லுவாங்க. ஓடு கருப்பு, ஒவ்வொரு கட்டத்துக்கு நடுவுலயும் மங்கலா ஒரு மஞ்சள். முன்னங்கால்ல பவளம் பதிச்சு வச்சாப்புல சிவப்புச் செதில். செவலைக்கு ஓடு நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும், ஆண் ரெட்ஃபுட்டுக்கு அதுதான் அடையாளம்.

நாங்க இருக்கறது தெற்கு ஃப்ளோரிடா. மயாமிக்குத் தெக்க, ஹோம்ஸ்டெட் பக்கம். இந்தப் பக்கம் ரெட்லேண்ட்னு ஒரு பகுதி இருக்கு. அங்க மா, லிச்சி, சப்போட்டா, பலா, அவகாடோன்னு தோப்புத் தோப்பா நிக்கும். சேலத்துலேர்ந்து வந்த எனக்கு இது பொறந்த வீடு மாதிரிதான்.

மாம்பழத்துல இன்னும் நெருக்கமான உறவு ஒண்ணு இருக்கு. 1889ல இந்தியாவுலேர்ந்து 'முல்கோபா'ங்கற பேர்ல மாங்கன்னுங்க ஃப்ளோரிடாவுக்குக் கப்பல்ல வந்துச்சு. (நம்ம மல்கோவாவை வெள்ளைக்காரங்க எழுதின விதம் அது.) குளிர்ல மத்ததெல்லாம் போயி, வெஸ்ட் பாம் பீச்சுல ஒரே ஒரு மரம் தப்பிச்சுது. அந்த மரத்துப் பழத்தோட கொட்டையை ஹேடன்னு ஒரு கேப்டன் 1902ல தென்னந்தோப்புன்னு அர்த்தம் வர்ற கோகனட் க்ரோவ்ல நட்டார். அதுலேர்ந்து வந்ததுதான் ஹேடன் மாம்பழம். உலகம் பூரா கடையில கிடைக்கிற டாமி அட்கின்ஸ் இருக்கே, அது அந்த ஹேடனோட புள்ள. எங்க கொல்லையில நிக்கறதும் ஒரு ஹேடன்தான். குண்டுமணி தின்ற மாம்பழம் ஒருவகையில எங்க ஊர்ப் பக்கத்துப் பழம்னு எனக்கு ஒரு பெருமை.

சரி, விஷயத்துக்கு வரேன்.

பக்கத்துத் தெருவுல ஒரு மதுரைத் தம்பி குடும்பம் இருக்காங்க. அவரோட பையன் ஊர்வன கண்காட்சிக்குப் போயி அடம்பிடிச்சு ஒரு ஆமைக்குட்டி வாங்கிட்டு வந்தான். தம்பி வீட்டுலயும் மாமரம். விழற பழத்தையெல்லாம் குட்டிக்குப் போட்டிருக்காங்க. ஒருநாள் சாயங்காலம் தம்பி பதறிக்கிட்டு வந்தார்.

"அக்கா, உங்க வீட்டு ஆமை மாம்பழம் திங்குது, நல்லாத்தானே இருக்கு? எங்களுது மட்டும் ஏன்க்கா தண்ணியா கழியுது?"

"உங்களுது எந்த ஊரு ஆமை தம்பி?"

"இங்கதான்க்கா, கண்காட்சியில வாங்கினது."

"அதில்ல தம்பி. அதோட பாட்டன் முப்பாட்டன் எந்த ஊரு?"

தம்பி முழிச்சார். போய்ப் பார்த்தா, சல்காட்டா.

சல்காட்டாவோட ஊரு ஆப்பிரிக்காவுல சஹாராவுக்குக் கீழ இருக்கிற சாஹேல் வறட்டு நிலம். செனகல், மாலி, சாட், சூடான், எத்தியோப்பியான்னு கிழக்கு மேற்கா நீண்டு கிடக்கிற பட்டை. அங்க மழைங்கறது சில மாசம். மத்த நாளெல்லாம் காஞ்ச புல்லுதான். அந்த ஆமை மண்ணுக்குள்ள ஆழமா வளை தோண்டிக்கிட்டு வெயிலுக்குத் தப்பிக்கும். காலையிலயும் சாயங்காலமும் வெளிய வந்து மாடு மேயற மாதிரியே மேயும். அப்படி மேஞ்சே நூறு பவுண்டுக்கு மேல வளருது. (கண்காட்சியில உள்ளங்கை அளவுல விக்கறப்ப இதை யாரும் சொல்ல மாட்டாங்க.)

புல்லுல சத்து கொஞ்சம், நார் நிறைய. அந்த நாரை ஆமையால நேரா செரிக்க முடியாது. அதோட பெருங்குடல்ல கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு. அதுங்கதான் நாரை மெதுவா நொதிக்க வச்சு, ஆமைக்குச் சத்தா மாத்திக் குடுக்குது. அடுப்பை சிம்முல வச்சு நடக்கிற வேலை அது. அங்க திடீர்னு ஒரு மாம்பழச் சர்க்கரை போயி இறங்கினா என்னாகும்? நாரைத் தின்ற நல்ல கிருமிங்க ஒதுங்கிடும். சர்க்கரை தின்ற கூட்டம் பெருகிடும். அமிலம் கூடும், வாயு கட்டும், கழியும். குடல்ல ஏற்கெனவே கொஞ்சமா இருக்கிற ஒட்டுண்ணியும் இதுதான் சமயம்னு பெருகும்.

கம்பங்கூழ் குடிச்சு வளர்ந்த வயித்துக்கு மூணு வேளையும் ஜிலேபி போட்டா எப்படி இருக்கும்? தம்பிகிட்ட அப்படித்தான் சொன்னேன். டக்குனு புரிஞ்சுக்கிட்டார்.

(குட்டி இப்ப நல்லா இருக்கு. ஊர்வன பார்க்கிற டாக்டர்கிட்ட கழிவைக் குடுத்துப் பரிசோதிச்சாங்க. பழத்தை அடியோட நிறுத்தினாங்க. வெதுவெதுப்பான தண்ணியில தினம் கொஞ்ச நேரம் உக்கார வச்சாங்க. மொதல்ல புல்லைத் திரும்பிக்கூட பார்க்கலை. புல்லைப் பொடிசா நறுக்கி, மேல செம்பருத்திப் பூவைக் கிள்ளிப் போட்டோம். பூவைத் தேடி வந்த வாயி புல்லையும் சேர்த்துக் கடிச்சுது. அப்படியே பழகிடுச்சு.)

இப்ப ரெட்ஃபுட் கதைக்கு வாங்க.

இதோட பூர்வீகம் தென் அமெரிக்கா. பிரேசில், கயானா, வெனிசுவேலா, கொலம்பியா, பராகுவே. காட்டோரம், மரத்தடி, ஈரமான சருகு, இதுதான் அது பொழங்கற இடம். மரத்துலேர்ந்து பழம் விழும், குரங்கும் பறவையும் பாதி கடிச்சுப் போடும். அதையெல்லாம் கீழ நடந்துபோற ஆமை பொறுக்கித் தின்னும்.

பிரேசில்ல ரொரைமா மாநிலத்துல மராக்கான்னு ஒரு ஆத்துத் தீவு. டெப்ரா மாஸ்கோவிட்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் அங்க தங்கி இந்த ஆமைங்களைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. அவங்களும் கேரன் பியோண்டலும் சேர்ந்து 1990ல அதைக் கட்டுரையா போட்டாங்க. மழைக்காலத்துல முக்கியமா பழம், வறட்சிக் காலத்துல பூ. நடுவுல இலை, காளான், செத்த பிராணி, மண்ணுன்னு கிடைச்சதெல்லாம். பழத்துல ஸ்பாண்டியாஸ் வகையும் உண்டு. இலங்கைக்காரங்க அம்பரெல்லான்னு சொல்றாங்களே, அதோட ஒண்ணுவிட்ட சொந்தம்.

கேரன் பியோண்டல் யாருன்னா, நம்ம ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்து ஆளு. கடல் ஆமை ஆராய்ச்சியில பெரிய பேரு. அவங்க இந்த ஆமைங்களுக்கு மாம்பழம், கொய்யா, உண்ணிச்செடி இலைன்னு தனித்தனியா குடுத்து செரிமானத்தை அளந்தாங்க. 1989ல வெளியிட்டாங்க. பழத்தைச் சீக்கிரமா வெளிய தள்ளிடுது, இலையை ரொம்ப நாள் உள்ள வச்சு மெதுவா செரிக்குது. ஒரே குடல் ரெண்டு விதமா வேலை செய்யுது பாருங்க! எனக்கு இந்த விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு குண்டுமணி மேல தனி மரியாதையே வந்துடுச்சு.

பழத்தோட முழுங்கற விதையும் கழிவோட வெளிய வந்து இப்படித்தான் பரவுது. எங்க தோட்டத்துல கொய்யாக் கன்னு முளைச்சு நிக்கிற இடத்தைப் பார்த்தாலே, செவலை எங்கெங்க போயி உக்காருவான்னு தெரிஞ்சுடும்.

குண்டுமணி மாம்பழம் திங்கறதை நீங்க ஒருதடவை பக்கத்துல உக்காந்து பார்க்கணும். நல்லாக் கனிஞ்சு, விழுந்து, ஓரத்துல வெடிச்ச பழம். குண்டுமணி வந்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோவா. தொண்டை மட்டும் படக் படக்னு ஏறி இறங்கும், அது மோப்பம். அப்புறம் வாயைத் திறப்பா. மொதக் கடி எப்பவும் வழுக்கும், பழம் உருண்டு போயிடும். விடமாட்டா. முட்டி முட்டி, செங்கல் ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போயி அங்க ஒண்ட வச்சு நிறுத்துவா. முன்னங்காலை ஊனிக்கிட்டு, கடிச்ச வாயோட தலையைப் பின்னாடி இழுப்பா. நாரு நாரா கிழிஞ்சு வரும். கடைசியா கொட்டை. சதை போனப்புறமும் அதை விடாம சுரண்டிக்கிட்டே இருப்பா. செவலை கிட்ட வந்தா கொட்டையோட நகர்ந்துடுவா.

இதெல்லாம் பார்த்துட்டு "அப்ப ரெட்ஃபுட்டுக்குத் தட்டு நிறைய பழம் வைக்கலாமா?"ன்னு கேட்டா, வேணாம். காட்டுப் பழம் நார் கூடுதல், இனிப்பு கம்மி. நம்ம கடைப் பழம் தலைமுறை தலைமுறையா மனுஷ நாக்குக்காகவே இனிக்க இனிக்க வளர்த்தது. அதனால எங்க வீட்டுத் தட்டுல பாதிக்கு மேல இலைதான். செம்பருத்தி இலை, மல்பெரி இலை, சப்பாத்திக்கள்ளி மடல், முருங்கைக்கீரை. பழம் கால் பங்கு. மழை மாசத்துல கொஞ்சம் கூட்டுவேன். குளிர் மாசத்துல குறைச்சுட்டு பூ போடுவேன். மராக்காத் தீவு கணக்கையே எங்க கொல்லைக்கும் வச்சுக்கிட்டேன். அதுக்கு ஏத்தாப்புல இங்க மாம்பழ சீசனும் மழையும் ஒண்ணாத்தான் வருது.

எந்தப் பழம்ங்கறதுல எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

ஆமைக்கு ஓடே எலும்புதான். அதனால சுண்ணாம்புச்சத்து, பாஸ்பரஸைவிட ரெண்டு மடங்கு இருந்தா நல்லது. நூறு கிராம் பப்பாளியில சுண்ணாம்பு 20 மில்லிகிராம், பாஸ்பரஸ் 10. அச்சடிச்ச மாதிரி ரெண்டுக்கு ஒண்ணு. சப்பாத்திக்கள்ளிப் பழத்துல 56க்கு 24. (முள்ளை நெருப்புல வாட்டி, நல்லாத் தேச்சுக் கழுவிட்டுக் குடுங்க. அந்தப் பொடி முள்ளு வாயில ஏறினா பாவம்.) மாம்பழம் 11க்கு 14, சுமார்தான். கொய்யா 18க்கு 40. வாழைப்பழம்? 5க்கு 22.

வீடியோ எல்லாத்துலயும் முன்னாடி நிக்கறது அந்த வாழைப்பழம்தான்! ஆமைங்களுக்கு அது உசுரு. ஒருதடவை ருசி கண்டுட்டா கீரையைக் காலால மிதிச்சுக்கிட்டுப் போகும். நான் வாழைப்பழத்தை மருந்து குடுக்க மட்டும் வச்சுக்கிறேன். ஒரு சின்னத் துண்டுக்குள்ள மாத்திரைத் தூளை வச்சா மறுபேச்சே இல்ல. மத்தபடி சுண்ணாம்புச்சத்துக்குக் கணவாய் ஓடு ஒண்ணு எப்பவும் கிடக்கும், வேணுங்கறப்ப கடிச்சுக்கும். வெயில் கட்டாயம். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டாத்தான் உடம்புல டி வைட்டமின் உண்டாகும். அது இல்லாம எவ்வளவு சுண்ணாம்பு தின்னாலும் ஓட்டுல சேராது.

சப்போட்டா நல்ல பழம். ஆனா கொட்டை முனையில கொக்கி இருக்கும், எடுத்துட்டுத்தான் குடுக்கணும். லிச்சிக்கும் கொட்டையை எடுத்துடறேன். நட்சத்திரப்பழம் இங்க கொட்டிக் கிடக்கு, ஆனா அதுல ஆக்சாலிக் அமிலம் ரொம்ப, நான் குடுக்கறதே இல்ல. அவகாடோ வேணவே வேணாம். இலை, தோலு, கொட்டை எல்லாத்துலயும் பெர்சின்னு ஒரு பொருள் இருக்கு. பறவை, குதிரை, முயல், ஆடுன்னு பல பிராணிக்கு அது விஷம். ஆமைகிட்ட அதைச் சோதிச்சுப் பார்க்கணும்னு எனக்கு எந்தத் தலையெழுத்தும் இல்ல. பக்கத்து வீட்டு மரத்துலேர்ந்து எங்க பக்கம் விழற அவகாடோவைக் காலையில மொத வேலையா பொறுக்கிடுவேன்.

அன்னாசி குடுத்தா பூச்சி செத்துடும், பப்பாளி விதை குடுத்தா குடல் சுத்தமாயிடும்னு ஒரு நம்பிக்கை ஓடிக்கிட்டிருக்கு. தயவுசெஞ்சு அதை நம்பி உக்காந்துடாதீங்க. கழிவைப் பரிசோதிச்சா எந்தப் பூச்சின்னு தெரியும், அதுக்குன்னு மருந்து இருக்கு. பழம் பழமாவே இருக்கட்டும்.

இன்னொண்ணு, குளிர். ஆமைக்குத் தன்னால உடம்பைச் சூடா வச்சுக்க முடியாது. உடம்பு சூடா இருந்தாத்தான் செரிக்கும். ஜனவரியில இங்க சில ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ போயிடும். ரெட்ஃபுட்டுக்குக் குளிர்தூக்கம் கிடையாது, அதனால சூட்டு விளக்கு போட்ட பெட்டிக்குள்ள தூக்கி வச்சுடுவோம். அந்த நாள்ல பழத்தைக் கண்ணுல காட்ட மாட்டேன். செரிக்காத பழம் உள்ளயே கிடந்து புளிக்கும்.

"செயின்ட் ஹெலினாத் தீவு ஜோனதன் வாழைப்பழம் திங்குதே?"ன்னு ஒரு கேள்வி அடிக்கடி வரும். 1832 வாக்குல பொறந்திருக்கும்னு கணக்கு சொல்ற ராட்சச ஆமை அது. கண்ணு தெரியாது, மோப்பமும் போயிடுச்சு. புல்லைத் தானாத் தேடி மேய முடியாம மெலிஞ்சுக்கிட்டு வந்தப்ப, தீவோட கால்நடை மருத்துவர் பழமும் காய்கறியும் கையால ஊட்ட ஆரம்பிச்சார். அதுக்கப்புறம்தான் உடம்பு தேறுச்சு. நூத்தம்பது வயசு தாண்டின நோயாளிக்கு டாக்டர் பார்த்துக் குடுத்த சாப்பாடு அது. அதைப் பார்த்து நம்ம வீட்டுக் குட்டிக்குக் கிண்ணத்தை நிரப்பறது நியாயமே இல்லைங்க.

ருசி விஷயத்துல இதுங்களுக்கு ஞாபகம் எவ்வளவு தெரியுமா? இங்கிலாந்துல லிங்கன் பல்கலைக்கழகத்துல ரெட்ஃபுட் ஆமைங்களுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தீனின்னு பழக்கினாங்க. பதினெட்டு மாசம் கழிச்சுத் திரும்பக் காட்டினா, எந்த நிறத்துக்குப் பின்னாடி நல்ல தீனின்னு அதுங்க மறக்கவே இல்ல. 2017ல வந்த ஆராய்ச்சி. எங்க வீட்டுலயும் அப்படித்தான். மே மாசம் மொதப் பழம் விழறதுக்கு முன்னாடியே குண்டுமணி மாமரத்தடியில போயி உக்காந்துடுவா. அதனாலதான் சொல்றேன், குட்டியில எதைப் பழக்கறோமோ அதையே ஆயுசுக்கும் கேக்கும். ஆமையோட ஆயுசு நம்ம ஆயுசைவிட நீளமாக்கூட இருக்கலாம்.

ஊர்லேர்ந்து போன் பேசறப்ப "நாங்களும் ஒரு நட்சத்திர ஆமை வாங்கலாமா, என்ன போடணும்?"னு கேக்கறாங்க. இதுக்கு மட்டும் ஒரே பதில். வாங்கக் கூடாது. நட்சத்திர ஆமையை வீட்டுல வச்சுக்கறது இந்தியாவுல சட்டப்படி குத்தம். 1972 வனவிலங்குச் சட்டத்துல அதுக்குப் பாதுகாப்பு இருக்கு. 2019லேர்ந்து பன்னாட்டு வியாபாரத்துக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல தடை. அப்படியும் சென்னை விமான நிலையத்துல பெட்டி பெட்டியா பிடிபடுது. டேப் சுத்தி, சாக்ஸுக்குள்ள திணிச்சு. அந்தப் படத்தையெல்லாம் என்னால முழுசாப் பார்க்க முடியறதில்ல. வாங்கறதுக்கு ஆளு இருக்கறதாலதானே பிடிக்கறாங்க? ஏற்கெனவே யார் வீட்டுலயாவது இருந்தா வனத்துறைகிட்ட ஒப்படைக்கச் சொல்லுங்க. இங்க ஃப்ளோரிடாவுலயும் கோஃபர் ஆமைன்னு ஒரு மண்ணின் மைந்தன் உண்டு. ரோட்டோரம் வளை தோண்டிக்கிட்டு இருக்கும். தொடவும் கூடாது, தூக்கிட்டு வரவும் கூடாது. பழம் போட்டுப் பழக்கவும் வேணாம்.

மதுரைத் தம்பி வீட்டு மரம் இந்த வருஷம் கிளை தாங்காம காய்ச்சிருக்கு. அவங்க குட்டிக்கு அதுல ஒண்ணும் கிடையாதுன்னு பையனே பக்கத்துல காவல் நிக்கறான். எங்க வீட்டுலயோ செம்பருத்தி வேலி ஆளு உசரத்துக்கு நிக்குது. அதனால ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம். சனிக்கிழமை சனிக்கிழமை அவங்க வீட்டுல விழுந்த மாம்பழம் ஒரு வாளி எங்க வீட்டுக்கு வரும், எங்க செம்பருத்தி இலை ஒரு பை அவங்க வீட்டுக்குப் போகும். மாம்பழத்துல முக்காவாசி எங்களுக்கு மாங்காத் தொக்கும் ஜூஸும். மிச்சத்தை நறுக்கி ஃப்ரீசர்ல போட்டு வச்சா, குண்டுமணிக்கும் செவலைக்கும் அக்டோபர் வரைக்கும் அப்பப்ப ஒரு துண்டு கிடைக்கும்.